கங்கம்மாவின் சுண்டுவிரல்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதன்முதலாக நாக்கில் தொட்டது தாய்ப்பால் இல்லை, கங்கம்மாக்காவின் சுண்டுவிரல். இது விதிக்குப் புறம்பானது. பிரசவ வார்டுச் சுவரில் 'தாய்ப்பால் மட்டுமே, வேறெதுவும் கூடாது' என்று பெரிய போர்டு தொங்குகிறது. அந்த போர்டைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து வைத்ததும் அவர்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துவிட்டுத்தான் துடைப்பார்.

நான் பர்ஹானா. அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த லேபில் டெக்னீஷியன். இரத்தமோ சிறுநீரோ சீழோ எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. சொந்த ஊர் பழவேற்காடு, குடியிருப்பது பொன்னேரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், லேபிலும் சொல்வார்கள். இதையும் கோபத்தில்தான் எழுதுகிறேன். யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

கங்கம்மாக்காவுக்கு ஊர் ஆரம்பாக்கம். பத்து வயதில் நாற்று நடப் போனவர். நட்ட கழனிகளில் ஷெட்டு எழும்பியபோது, அதே இடத்தில் இரும்பு உருக்கு ஆலை ஒன்றில் தூசி கூட்டும் வேலைக்குக் கான்டிராக்டில் சேர்ந்தார். மூன்று வருடம் இரும்புத் தூசி. பிறகு எங்கள் மருத்துவமனையில் ஆயா. அதுவும் கான்டிராக்ட்தான், பதினான்கு வருடமாக. நீலச் சேலை, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, காலில் சத்தம் போடாத ரப்பர் செருப்பு. ஒரு தாய் வலியில் கத்தினால் முதலில் போய் நிற்பது நர்ஸ் இல்லை, இவர்.

இருபது வயதில் இவருக்கு ஒரு மகன் பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனான். "பால் குடிக்கல. அழுவல. ஒடம்பு சில்லுனு ஆயிப்போச்சி. அவ்ளோதான்" என்பார். அதற்கு மேல் சொல்வது எல்லாம் புருஷனின் சின்னம்மாவைப் பற்றித்தான். அந்தம்மாதான் அந்தக் குழந்தைக்குச் சேனை வைத்தவர். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. அந்தம்மாவுக்கு ராசியில்லாத கை, அதனால்தான் பிள்ளை போனான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அந்தம்மா செத்த அன்றும் இவர் போகவில்லை. அதற்குப் பிறகு இவருக்குக் குழந்தையும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, ஒரு குழந்தைக்கு நல்ல கையால் சேனை வைத்தே ஆக வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறி. அவர் வைத்த பிள்ளைகள் பிழைத்தார்கள், ஓடினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பேச்சு பரவியது. சிப்காட் கம்பெனி வாசலில் டீ குடிக்கிற இடத்தில்கூட, "பிரசவம் அங்க வெச்சிக்கோ, கங்கம்மா கை ராசி" என்று சொல்லிக்கொள்வார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே போனதும், வார்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தப்படும். அரை நிமிஷ வேலை. எல்லா நர்சுகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒருநாள் லேபுக்கு வந்து டீ குடிக்கும்போது, சாதாரணமாகக் கேட்டேன். "ஏங்க்கா, கண்டவங்க கொண்டாந்த சர்க்கரத் தண்ணியையா கொழந்த வாயில வெக்கிறீங்க?"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? எந்தக் கொழாத் தண்ணியோ, எவ ஊட்டு டம்ளரோ, அத்தப் போயி நான் தொடுவனா? பதினாலு வருசமா ஆஸ்பத்திரில இருக்கேன் கண்ணு, எனக்கு அது கூடவா தெரியாது? ட்ரிப்பு போட்டு மிச்சம் ஆவுது பாரு குளுக்கோசு, அதுல தான் வெப்பேன். மருந்துக் கம்பெனிக்காரன் அடச்சது. அதுல பூச்சி வருமா?"

"இந்த ஆஸ்பத்திரியில நீங்க தான்க்கா உண்மையான டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இன்னொன்றையும் அவர் அப்போதே சொன்னார். முன்பெல்லாம் மிச்சமான பாட்டில்கள் நிறையக் கிடைக்கும், அன்றன்றைக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வாராம். பிறகு புது விதி வந்தது. மிச்சமான பாட்டிலை அப்போதே அறுத்துக் குப்பையில் போட வேண்டும், எண்ணிக்கை காட்ட வேண்டும். "அத்தொட்டு ஒரே ஒரு பாட்டில எடுத்து துணி ரூம்புல பினாயில் டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். கிண்ணத்துல கொஞ்சூண்டு ஊத்தி, விரல்ல தொட்டு வெச்சிட்டு, மீந்தத திரும்ப அதுலயே ஊத்திடுவேன். மருந்த வேஸ்ட் பண்ணலாமா?"

நான் கேட்டுக்கொண்டே பிஸ்கட் தின்றேன். என் முதுகுக்குப் பின்னால் இன்குபேட்டரில், கிருமிகளுக்கு உணவாக நானே காலையில் காய்ச்சி வைத்த கஞ்சி பன்னிரண்டு குழாய்களில் இருந்தது.

போன வருடம் பிப்ரவரி மாதம் முதல் குழந்தை நோயில் விழுந்தது. பெண், ஒரு கிலோ தொள்ளாயிரம் எடை. மூன்றாம் நாள் பால் உறிஞ்சுவதை நிறுத்தியது. இரத்தம் என்னிடம் வந்தது. மறுநாள், கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தேன். இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, பளபளப்பாகக் கிருமி வளர்ந்திருந்தது. க்ளெப்சியெல்லா. கம்பி வளையத்தால் அதைத் தொட்டு மெல்ல மேலே தூக்கினேன். சர்க்கரைப் பாகில் கம்பிப்பதம் பார்ப்போமே, அப்படி ஒரு நூல் எழுந்தது. அரை விரல் நீளம் வந்தும் அறவில்லை. இப்படி நூல் இழுக்கிற ஜாதி மோசமானது. பன்னிரண்டு மருந்து வைத்துப் பார்த்ததில் ஒன்பதுக்கு அது அசையவே இல்லை.

அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஆண் குழந்தை. அதே மூன்றாம் நாள், அதே நூல். அதைச் சென்னைக்கு அனுப்பினார்கள், பிழைத்தது.

குழந்தை மருத்துவர் அன்புசெல்வன் என் லேபுக்கே இறங்கி வந்தார். அதிகம் பேசாத மனிதர். "வார்டுல எல்லாத்துலயும் ஸ்வாப் எடுங்க பர்ஹானா. வாஷ்பேசின், வார்மர், சளி உறிஞ்சுற குழாய், சோப்பு பாட்டில். எல்லாரோட கையும். யாருக்கும் முன்னாடியே சொல்லாதீங்க. கழுவுன கை எனக்கு வேண்டாம். வேலை செஞ்சிட்டு இருக்கிற கைதான் வேணும்."

ஸ்வாப் என்பது பஞ்சு சுற்றிய குச்சி. அதால் துடைத்து எடுத்துத் தட்டில் தீற்றி வளர்த்துப் பார்ப்போம். முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அன்று காலை மீட்டிங்கில் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். "ஆயாங்க கையில தான் இருக்கும். ஒருத்திய தூக்கிட்டா விஷயம் முடிஞ்சுது." என் இரத்தம் கொதித்தது. நர்ஸ் செய்தாலும் டாக்டர் செய்தாலும், கடைசியில் தலை உருள்வது கான்டிராக்ட் ஆயாவுக்குத்தான். அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டோடு மாடிப்படியில் நின்று கங்கம்மாக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, பத்து நிமிஷத்துல கையில ஸ்வாப் எடுக்க வரேன்."

"கையக் கழுவிக்கினு நிக்கட்டா கண்ணு?"

"உங்க இஷ்டம்க்கா."

சொன்னது இவ்வளவுதான். நான் மேலே போனபோது அக்காவின் கை ஈரமாக இருந்தது, ஸ்பிரிட் வாடை அடித்தது. ஓயாமல் கழுவிக் கழுவி அந்தக் கையில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சுண்டுவிரல் நகத்தடியில் ஒரு பிளவு, சிவப்பாக. துடைத்து எடுத்தேன். தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. நர்சுகள் கையில் என்னென்னவோ முளைத்தது. வாஷ்பேசினில் ஒரு க்ளெப்சியெல்லா கிடைத்தது. மேனேஜருக்குப் பரம திருப்தி. பேசினைப் பெயர்த்து எறிந்து, புதுக் குழாய் போட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

'வளர்ச்சி இல்லை' என்ற என் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கங்கம்மாக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்சில் வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். "பர்ஹானா பாப்பாவே எழுதிக் குடுத்துடுச்சி. மொத்த வார்டுலயும் என் கை ஒண்ணு தான் சுத்தம்." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மேனேஜர் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காம் வாரம் யேசுதாசின் மகள்.

யேசுதாஸ் இரும்பு உருக்கு ஆலையில் வேலை செய்கிறார். அனலில் புருவம் பாதி கருகிப்போன மனிதர். அவர் மனைவி கிறிஸ்டினாவுக்கு இது முதல் பிரசவம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும், ஷிப்ட் முடிந்து தலையில் போடுகிற ஹெல்மெட்டோடு என் லேப் ஜன்னலில் வந்து நிற்பார். "வந்துடுச்சா மேடம்?" காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தட்டைத் திறந்தேன். நூல் எழுந்தது. ஆறாம் நாள் குழந்தை போய்விட்டது.

அன்றும் ஜன்னலில் வந்து நின்றார். "அது இன்னா பூச்சி மேடம்? பேரு இன்னா?" ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பேசினை மாற்றிய பிறகும் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் என் கையெழுத்துச் சீட்டில் போய் முட்டியிருப்பேன். அது எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் கேட்கவில்லை.

அன்புசெல்வன் டாக்டர் விடவில்லை. மூன்று குழந்தைகளின் கிருமியையும் பேசினில் கிடைத்ததையும் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். மரபணு பார்க்க. க்ளெப்சியெல்லா என்பது வெறும் பெயர். ஒரே பெயரில் ஊரில் நூறு பேர் இருப்பது போல, அந்தப் பெயரில் ஆயிரம் கால்வழிகள் உண்டு. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஏறக்குறைய ஐம்பத்தைந்து லட்சம் எழுத்து. அதை முழுக்கப் படித்து ஒப்பிட்டால், எது எதனுடைய பிள்ளை, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களில்தான் என் தங்கை சமீனாவுக்கு ஒன்பதாம் மாதம்.

சமீனா மீஞ்சூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடம், இரண்டு தடவை கருக்கலைந்தது. மூன்றாவது தங்கி நாள் நெருங்கியபோது, அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, உங்க ஆஸ்பத்திரியில கங்கம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே. எம்புள்ளைக்கு அவங்க கையால வெக்கணும்." மீஞ்சூர் வரை பேர் போயிருந்தது. நான் சிரித்தேன். அதே வார்டில் இரண்டு குழந்தை செத்திருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. பேசின்தான் மாற்றியாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசினை மாற்றிய பிறகுதான் யேசுதாசின் மகள் போனாள் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தை பிறந்தது. பையன், இரண்டு முந்நூறு. கொஞ்சம் மெலிவு, ஆனால் நல்ல குரல். அம்மா பழவேற்காட்டிலிருந்து தேன் பாட்டிலும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். நான் அதைப் பார்த்ததும் சத்தம் போட்டேன். "அறிவிருக்காம்மா? பொறந்த கொழந்தைக்குத் தேன் குடுப்பாங்களா? எத்தன கிருமி இருக்கும் தெரியுமா?" தேன் பாட்டிலைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்ப வெறும் நாக்கோடவா இருக்கும் கொழந்த?" என்றார். "கங்கம்மாக்கா இருக்காங்க. அவங்க சுத்தமா வெப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே லேபுக்கு இறங்கினேன்.

பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். அவர் மேஜையில் சென்னையிலிருந்து வந்த அறிக்கை விரிந்திருந்தது.

"பேசின்ல இருந்தது வேற. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா குழந்தைங்க மூணு பேர்கிட்ட இருக்கிறதும் ஒண்ணு. ஐம்பத்தஞ்சு லட்சத்துல மூணே எழுத்துதான் வித்தியாசம். ரெண்டு மாசத்துல மூணு எழுத்து. அதாவது ஒரே எடத்துல உக்காந்து, மெதுவாப் பெருகிட்டு இருக்கு. அந்த எடத்துல நாம ஸ்வாப் எடுக்கவே இல்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யோசிங்க பர்ஹானா. பொறந்த அன்னிக்கே மூணு பேரையும் தொட்டது எது? அதுல ஈரம் இருக்கணும். கிருமி தின்னறதுக்கு ஏதாவது இருக்கணும்."

ஈரம். தின்ன ஏதாவது. துணி அறை, பினாயில் டப்பா, மீந்ததைத் திரும்ப ஊற்றிய பாட்டில். எல்லாம் ஒரே நொடியில் என் முன்னால் வந்து நின்றது. நாள் முழுக்கக் கிருமிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள் நான். திறந்து வைத்த சர்க்கரைத் தண்ணீர் அதற்கு என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றது, எடுக்கவில்லை. வார்டுக் கதவு திறந்துதான் இருந்தது. சமீனா சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கங்கம்மாக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வெச்சாச்சி கண்ணு" என்றார், நான் கேட்பதற்குள். "நம்மூட்டுக் கொழந்தையாச்சே, நாலு சொட்டு சேத்து தான் வெச்சேன். எப்புடி சப்புச்சி தெரியுமா?"

தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பாட்டில் எங்கக்கா?"

"இன்னாத்துக்கு?"

"பாட்டில் எங்க?" நான் கத்தியதில் குழந்தை எழுந்து அழுதது. அக்கா பயந்துபோய், சாவிக்கொத்தோடு துணி அறைக்கு நடந்தார். வாய் அறுத்த குளுக்கோஸ் பாட்டில், மேலே ஒரு பஞ்சு அடைத்திருந்தது. கால் பங்கு மிச்சம். பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தபோது, அடியில் புகை போல ஏதோ மெல்லச் சுழன்றது.

அதை எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், போனைத் தவிர. அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தனி அறைக்கு மாற்றினார். எந்த மூன்று மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அதைத் தயாராக எடுத்து வைத்தார். "நாக்குல பட்டவங்க எல்லாருக்கும் வராது. எத்தனையோ குழந்தைங்க தப்பிச்சிருக்கு. பார்க்கலாம்" என்றார்.

பார்த்தோம். முதல் நாள் ஒன்றுமில்லை. பையன் பால் குடித்தான். சமீனா என் கையைப் பிடித்து, "ஏன்க்கா எல்லாரும் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் காலையிலும் குடித்தான். இரண்டாம் நாள் மத்தியானம் நான் அவன் உள்ளங்காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கங்கம்மாக்கா தன் மகனைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

இரத்தம் என்னிடம்தான் வந்தது. வேறு யாரிடம் வரும்? என் தங்கை மகனின் தட்டை நானே திறந்தேன். கம்பியால் தொட்டுத் தூக்கினேன். இந்தத் தடவை நூல் அறுந்துவிடும் என்று நினைத்தேன். அறவில்லை. பக்கத்தில் பாட்டிலின் தட்டு. அதிலும் அதே நூல்.

பதினெட்டு நாள். எட்டாம் நாள், இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா தேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து கடுமையானது; முதல் சோதனையில் வலது காது தேறவில்லை, ஒரு வயதானதும் மறுபடி சோதிக்க வேண்டும். ரிஜ்வான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வலது பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்ப்பதில்லை.

விசாரணை நடந்தது. இந்தத் தடவை அக்காவின் கையைக் கழுவ விடாமல் ஸ்வாப் எடுத்திருந்தோம். சுண்டுவிரல் பிளவில் அதே கால்வழி இருந்தது. மேனேஜர் என் பழைய சீட்டின் நகலை எடுத்து மேஜையில் போட்டார். "ஏம்மா, முன்னாடி எடுத்தப்ப உன் கையில ஒண்ணுமே இல்லன்னு வந்துதே. அது எப்படி?"

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

"நான் எப்பப் பாத்தாலும் கையக் கழுவிக்கினே தான் சார் இருப்பேன்" என்றார். "அன்னிக்கும் கழுவிக்கினு இருந்திருப்பேன்."

அன்று மாலையே வேலை போனது. என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கிருமியைக் கண்டுபிடித்தவள் என்று என்னைப் பாராட்டி, மாதக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆரம்பாக்கம் போனேன். அக்கா பழைய இரும்பு பிரிக்கிற யார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். முதல் வார்த்தையே, "கொழந்த பால் குடிக்குதா?" என்பதுதான். போனில் படம் காட்டினேன். தொடாமல், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கேட்டார். "ஏங்கண்ணு, எம்புள்ள செத்தான் பாரு, அதுவும் இப்புடித்தானா?"

"தெரியாதுக்கா. இருந்திருக்கலாம்."

"அப்ப அந்தக் கெய்வி மேல தப்பு இல்லியா? இருவத்தாறு வருசமா மண்ண வாரித் தூத்திக்கினு இருந்தேனே. அதுவும் சுத்தமா வெக்கிறதா நெனச்சிதான் வெச்சிருக்கும்." அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. "அக்கா, அன்னிக்கி நான் போன் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தச் சொல்லாத." குரலைத் தாழ்த்தினார். "யாராண்டயும் சொல்லாத. யேசுதாசு ஊட்டுக்காரங்க என்னத் தூத்தட்டும், பரவால்ல. உன்ன வெளிய தள்ளிட்டா, அடுத்த கொழந்த வந்தா அந்த நூல யாரு இஸ்து பாப்பாங்க?"

எனக்கு வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினேன். மனசு லேசானது. அந்த லேசுக்காகத்தான் என்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

இப்போதெல்லாம் யாருக்கும் சொல்லாமல் ஸ்வாப் எடுக்கிறேன். நான் படியேறுகிற சத்தம் கேட்டாலே நர்சுகள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஜூலையில் யேசுதாஸ் மறுபடி லேப் ஜன்னலில் வந்து நின்றார். அதே ஹெல்மெட். கிறிஸ்டினா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்றார். பர்சைத் திறந்து, நான் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினார். மடிப்பு கிழிந்திருந்தது.

"வேற ஆஸ்பத்திரி போலாம்னு ஊட்டுல சொன்னாங்க மேடம். நான்தான் வேணாம்னேன். இன்னா ஏதுன்னு கண்டுபிடிச்சவங்க நீங்க. நீங்க இருக்கிற எடத்துல தான் எங்களுக்கு தைரியம். கொழந்த பொறந்ததும் மொதல்ல நீங்க வந்து பாக்கணும், சரியா?"

"வரேன்" என்றேன்.

கிறிஸ்டினாவுக்குச் சொல்லியிருக்கிற தேதி பிப்ரவரி ஒன்பது. அதற்குள் இதை எழுதி முடித்து, யேசுதாஸ் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் மகள் பிறப்பதற்கு முன் நான் போட்ட அந்த போனை அவர் தெரிந்துகொண்டு, எங்கே பிரசவம் என்று அவரே முடிவு செய்யட்டும் என்று. இன்று பிப்ரவரி மூன்று. நேற்று மாலையும் அவர் ஜன்னலுக்கு வந்து, மனைவிக்கு இரத்தம் பார்த்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தாள்கள் என் கைப்பையில்தான் இருந்தன.